ஒரு தரம் மட்டும் கூப்பிட்ட குரல்

சொக்கு,

நீ சௌக்கியமாக இருப்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. உடம்பு சரியில்லாத நாட்களில் உன் எழுத்து வலப்பக்கம் சாய்ந்துவிடும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நானும் இருக்கிறேன். இடது கண்ணில் படலம் விழுந்திருக்கிறது. வரிகள் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். மாதம் ஒரு கார்டில் ஐந்து வரிக்கு மேல் எழுதாத பிள்ளை இந்தத் தடவை கவர் வாங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். கெட்ட சேதியோ என்று பயந்துகொண்டேதான் பிரித்தேன். கடைசியில் பார்த்தால் பேய்க்கதை!

உன் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம், ஐந்தாம் பாரம் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்களாம். சண்டைக் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஊசிநூலால் தைத்து, ஒரே பிரதியை வகுப்பு வகுப்பாகச் சுற்றுக்கு விடுகிறார்களாம். அடுத்த இதழ் முழுக்கப் பேய்க்கதை என்று முடிவாகி, ஆளுக்கொன்று எழுதிக்கொண்டு வந்து உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சுடுகாடு, எல்லாவற்றிலும் வெள்ளைச் சேலை, படித்தால் கொட்டாவிதான் வருகிறது என்று எழுதியிருந்தாய். "கதை சின்னதாக இருக்க வேண்டும். பதினாலு வயதுப் பையன் நிஜமாகவே பயப்பட வேண்டும். தனக்கே நடந்த மாதிரி அவனுக்குத் தோன்றவும் வேண்டும். அதற்கு என்ன செய்வது? உங்களுக்குத் தெரியுமே, அப்பா" என்று கேட்டிருந்தாய். ஆமாம், எனக்குத் தெரியும். பத்து வருஷமாக நீ என்னிடம் கேட்காமல் இருந்த ஒரே விஷயமும் அதுதான்.

உன் கவர் வந்த அதே வாரம் கோச்சடையிலிருந்து உன் மாமா வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார். "மாப்ள, அந்தப் பொண்ணையும் வேணாம்னு எழுதிட்டான். இதோட எத்தன எடம்? நேர்ல போயிக் கேட்டா, 'என்னைய நம்பி ஒரு பொண்ணக் குடுக்காதீக மாமா, ஆபத்துக்கு நான் ஆகமாட்டேன்'ங்கிறான். இப்படிச் சொல்ற பயல என்னதேன் செய்ய?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் குனிந்துகொண்டு, இருக்கிற வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு நாலு நாள் யோசித்தேன். உன் கேள்விக்கும், நீ மாமாவிடம் சொன்ன வார்த்தைக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கிறது. அது என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் கண்ணை மூடினால், நீ காலம் முழுக்கத் தனியாகவே இருந்துவிடுவாய். முதலில் கதை விஷயத்தைச் சொல்கிறேன், எனக்கு அது சுலபம். கஷ்டமானது பின்னால் வருகிறது, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நான் எழுதிய முதல் பேய்க்கதையை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வைகைக் கரை, நடுச்சாமம், புளியமரம், கொலுசுச் சத்தம், எதையும் நான் விட்டுவைக்கவில்லை. வக்கீல் ஆபீசில் பிராது எழுதிப் பழகிய குமாஸ்தாக் கை. "மேற்படி பேயானது" என்று எழுதாத குறைதான். நீ சாப்பிட உட்கார்ந்தபோது பெருமையாகப் படித்துக் காட்டினேன். நீ ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "அப்பா, அந்தாளு அந்நேரத்துக்கு அங்க எதுக்குப் போனான்? வீட்டுல படுத்துக்கிற வேண்டியதுதான?" என்று கேட்டாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "வக்கீலுக்குக்கூட இப்படிக் குறுக்கு விசாரணை பண்ணத் தெரியாதுங்க" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி. போகாமல் இருந்துவிடக்கூடிய இடத்தில் பேயை வைத்தால், படிக்கிறவன் போகாமல் இருந்துவிடுவான். கதை முடிந்ததும் நிம்மதியாகத் தூங்குவான். தினமும் போய்த் தீர வேண்டிய இடத்தில் அதை வைக்க வேண்டும். உன் பையன்களிடம் முதலில் இதைச் சொல். சுடுகாட்டை அழித்துவிட்டு அவனவன் வீட்டு வாசற்படியை எழுதட்டும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. எழுதியதை நீ சாப்பிடும்போதுதான் படிப்பேன். என் கண் காகிதத்தில் இருந்தாலும் கவனம் உன் கையில் இருக்கும். சோற்றில் உன் கை எந்த வரியில் நின்றதோ அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். கை நிற்காமல் ஓடிய இடங்களையெல்லாம் மறுநாள் அடித்துவிடுவேன். கதை ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: நாலு பக்கத்துக்கு மேல் போனால் சோறு தீர்ந்துவிடும், பயமும் தீர்ந்துவிடும். பேய் எப்படி இருந்தது, பல் எவ்வளவு நீளம் என்று நான் வர்ணித்த இடத்திலெல்லாம் நீ ஒரு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாய். உள்ளே ஏதோ நகர்ந்தது என்று மட்டும் எழுதிய இடத்தில் கை நின்றது. இப்படி உன்னைத் தராசாக வைத்துத்தான் நான் எழுதக் கற்றுக்கொண்டேன். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சாபீசில் மாதப் பத்திரிகை ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள், அதன் முதலாளி என் கதைகளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். உன் கை இல்லாமல் அது நடந்திருக்காது.

அப்போது உனக்கும் பதினாலு வயது, அந்த வயதைப் பற்றியும் யோசித்தேன். பத்து வயதில் பயந்தால் ஓடிப்போய் அம்மா மடியில் விழலாம். இருபது வயதில் பயந்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்து மழுப்பலாம். பதினாலில் இரண்டுக்கும் வழியில்லை. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, பயந்தேன் என்று சொன்னால் மானம் போய்விடும். அதனால் அந்த வயதுப் பிள்ளை ஒவ்வொன்றின் உள்ளேயும் யாரிடமும் சொல்லாத ஒரு பயம் இருக்கும். பேயைவிட, அதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். அதைப் பெயர் சொல்லாமல் தொட்டுக் காட்டுகிற கதையைத்தான் அவன் தன் கதை என்று நினைப்பான். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

ஒரு தரம் வக்கீல் என்னை ஒரு சாட்சியைப் பார்த்துவரச் சொல்லித் திருப்பரங்குன்றத்துக்கு அனுப்பினார். நல்ல உச்சி வெயில், ஜட்கா வண்டி, ரோட்டில் ஈ காக்கை இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல் "வண்டிக்காரரே!" என்றது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். "திரும்பாதீக அண்ணே" என்றார் வண்டிக்காரர். "உச்சி வேளையில ஒரு தரம் கூப்பிட்டா அது எதுன்னு தெரியாது. மூணு தரம் கூப்பிட்டாத்தேன் மனுச மக்க. அதுக்கப்புறம் ஏன்னு கேக்கலாம்." மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் வண்டியை நிறுத்தினார். மூச்சிரைக்க ஓடி வந்தவள் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற ஒரு அம்மாள். என் குடை வழியில் விழுந்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். "கத்திக் கத்தித் தொண்ட காஞ்சு போச்சு, காதுல பஞ்சையா வச்சிருக்கீக?" என்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் குடையைக் கொடுத்தாள். நீயும் அம்மாவும் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் உச்சி வெயில், ஒரே ஒரு தரம் கூப்பிடுகிற குரல், இந்த இரண்டையும் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில்தான் உன் அம்மாவுக்கு இருமல் நிற்காமல் போயிற்று. டாக்டர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், காச நோய் என்றார். தனித் தட்டு, தனித் தம்ளர், பையனைக் கிட்டே விடாதே என்றார். ஆரப்பாளையத்தில் நாம் இருந்தது வளவு வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய குடித்தனங்களில் ஒன்று. தெருவை ஒட்டி ஒரு முன்னறை, நடுவில் பகலிலும் இருட்டாக இருக்கிற உள்ளறை, பின்னால் அடுப்படி. அம்மா உள்ளறையில் படுத்தாள். நீ கிட்டே போனால் அவளே, "அங்கனயே நில்லு ராசா" என்று கையை நீட்டித் தடுத்துவிடுவாள். நீ நிலைப்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்பாய். உனக்குப் போகவும் ஆசை, பயமும் கூட. பெற்றவளைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அதற்கு மேல் வெட்கம். இதையெல்லாம் நான் முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் எழுந்து வந்து உன் தோளில் கையைப் போட்டு, "பயமா இருக்காடா? எனக்கும்தான் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பென்சிலை எடுத்தேன்.

கதை இவ்வளவுதான். ஒரு பையன், உன் வயது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள் அம்மா. உச்சி வேளை. உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் அவன் பெயரை ஒரே ஒரு தரம் கூப்பிடுகிறது. முதல் நாள் அவன் நிலைப்படி வரை போய், ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். மறுநாளும் அப்படியே. அம்மாவிடம் கேட்டால், "நான் கூப்பிடலையே" என்கிறாள். மூன்றாம் நாள் அவன் தாங்கமாட்டாமல் "இந்தா வாரேம்மா" என்று பதில் சொல்லி உள்ளே போய்விடுகிறான். அம்மா குடத்தோடு வாசலுக்கு வருகிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. உள்ளறையிலிருந்து மகனுடைய குரல் "அம்மா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிடுகிறது. அவள் ஒரு காலை உள்ளே வைத்து நிற்கிறாள். அதோடு முடித்துவிட்டேன். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று நோயை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் நீதான், உன் நிலைப்படிதான், உன் கால்தான்.

அதைப் படித்த அன்று உன் கை ஏதோ ஒரு இடத்தில் மட்டும் நிற்கவில்லை, முதல் வரியிலிருந்து நீ எழுந்து கழுவுகிற வரைக்கும் நின்றேவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் போட்டேன். கை கழுவிவிட்டு வந்து நீ மெதுவாகக் கேட்டாய். "அப்பா, அது நிஜமா? நிஜமாவே ஒரு தடவதேன் கூப்பிடுமா?" குடைக்காரம்மாள் கதையை நினைவுபடுத்திச் சிரிக்க வைத்திருந்தால் எல்லாம் அன்றோடு போயிருக்கும். ஆனால் என் கதை பலித்துவிட்டது, அதை நானே கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஆமா. ஒரு தரம் கூப்பிட்டா அது அம்மா இல்ல. அம்மான்னா மூணு தரம் கூப்பிடும். ஞாபகம் வச்சுக்க" என்றேன். எல்லாம் விளையாட்டு என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என நினைத்தேன். மறுநாள் அச்சாபீசுக்கு ஓடினேன். அடுத்த மாதம் கதை வந்தது. எங்கெங்கோ இருக்கிற பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாம் கார்டு போட்டார்கள், எங்கள் வீட்டு உள்ளறைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று. அந்தக் கார்டுகளைக் கோர்ட்டு வராந்தாவில் மற்ற குமாஸ்தாக்களிடம் காட்டிக்கொண்டு திரிந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை மறந்தே போனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாறுதல். உன் அம்மா உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் "சொக்கு... சொக்கு... சொக்கு" என்று மூன்று தரம் கூப்பிட ஆரம்பித்தாள். காலையானாலும் மூன்று தரம், சாயங்காலமானாலும் மூன்று தரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருமல். நோயாளியின் நச்சரிப்பு என்று நான் நினைத்தேன். "ஒரு தரம் கூப்பிட்டாப் பத்தாதா? அவன் என்ன செவிடா?" என்று ஒருநாள் எரிந்துகூட விழுந்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் பார்த்ததை நீ கேட்டதில்லை. கோடை விடுமுறை, நீ மட்டும் அம்மாவுக்குத் துணை. வக்கீல் ஊருக்குப் புறப்பட்டதால் ஆபீசைச் சீக்கிரம் பூட்டிவிட்டு ஒரு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தேன். வெண்டைக்காய்ப் பையோடு உன் மாமாவும் தெருமுனையில் சேர்ந்துகொண்டார். நீ முன்னறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து உள்ளறையின் பக்கமே காதை வைத்திருந்தாய். உள்ளே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவள் விழுந்து கிடந்தாள். தம்ளர் உருண்டிருந்தது. சேலையெல்லாம் ரத்தம். தூக்கிப் படுக்கவைத்தோம், மூச்சு இருந்தது. மாமா உன்னைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"ஏண்டா, ஆத்தா கூப்பிடலையா?"

"கூப்பிட்டுச்சு மாமா."

"கேட்டுக்கிட்டா இங்கன உக்காந்திருந்த?"

"ஒரு தடவதேன்..." என்று ஆரம்பித்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய்.

அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, சொக்கு. நீ என்னைக் குற்றம் சொல்லிப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடிதானே செய்தேன், மாமாவிடம் சொல்லுங்கள் என்று பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன். உன் மாமா என்னை எப்போதும் "கத எழுதுற மாப்ள" என்று கேலி செய்கிறவர். தங்கையை இந்தக் காகிதப் புலிக்குக் கொடுத்தோமே என்று அவருக்கு ஒரு குறை உண்டு. அவர் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் கன்னத்தில் அறைந்தேன். "பயந்தாங்கொள்ளிப் பயலே, பெத்தவ கூப்பிட்டாக்கூடவா பயம்?" என்றேன். நீ வாயை மூடிக்கொண்டாய். இன்றுவரைக்கும் மூடியேதான் வைத்திருக்கிறாய். அன்று சாயங்காலமே மாமா உன்னைக் கோச்சடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறாம் நாள் கொள்ளி வைக்கத்தான் நீ திரும்பி வந்தாய். வந்திருந்த சொந்தக்காரர்கள் உன் காதுபடவே, "கூப்பிட்டும் போகலையாம்ல" என்று பேசிக்கொண்டதை நானும் கேட்டேன். பேசாமல் நின்றேன்.

அன்று வந்த டாக்டர் என்னிடம் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்குள் ரத்தக்குழாய் உடைந்துவிட்டது, அது பானைக்கு எழுந்ததால் வந்ததில்லை, படுத்திருந்தாலும் இரண்டொரு நாளில் வந்திருக்கும், உங்கள் கையில் எதுவும் இருக்கவில்லை என்றார். நீ அந்த நிமிஷமே ஓடித் தண்ணீர் கொடுத்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். இதை உன்னிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் நீ கேள்வி கேட்பாய், கேள்வி கேட்டால் மற்றதும் வரும் என்று நான் சொல்லவில்லை. நீ ஹாஸ்டலுக்குப் போனாய், வாத்தியார் பயிற்சிக்குப் போனாய், திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தாய். ஒவ்வொரு தடவையும் ரயிலடியில் சொல்லிவிடலாம் என்று வருவேன். "வாரேம்ப்பா" என்பாய், "போய்ட்டு வாடா" என்பேன், அத்தோடு சரி. அதற்குப் பிறகும் நான் இரண்டு கதை எழுதினேன் என்பதையும் மறைக்கவில்லை. படித்துக் காட்ட ஆளில்லை. இரண்டும் சப்பென்று இருந்தன. அப்புறம்தான் நிறுத்தினேன்.

உன் பையன்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பயமுறுத்துவது பாவமில்லை. பயந்து, சிரித்து, ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு வகுப்புக்குப் போவது அந்த வயதுக்கு நல்லதுதான். ஆனால் பயத்தை அவனவன் தன்னிடமிருந்து எடுத்து எழுதட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுடையதை அவனுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும், படித்த சின்னப் பையன் எவனாவது வந்து "அண்ணே, இது நிஜமா?" என்று கேட்டால், கதை கெட்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். என் கதை எந்தக் கதையைவிடவும் பயங்கரமாகத்தான் இருந்தது. அதைப் படித்த பிள்ளைகள் எல்லாரும் மறுநாள் மறந்துவிட்டார்கள். நான் யாரைப் பார்த்து எழுதினேனோ அவன் மட்டும் இன்னும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

மேலே எழுதியதையெல்லாம் நேற்றுக் கோச்சடைக்குப் போய் உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு எழுதினால் மட்டும் போதாது, யார் முன்னால் உன்னை அறைந்தேனோ அவர் முன்னால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பம்புசெட்டு மேட்டில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் போய்விட்டார். இன்று காலையில் வாசலில் வந்து நின்றார். "அவனுக்கு எப்ப அனுப்பப் போறீக? இன்னைக்கே போடுங்க. எம்புட்டு வருசம் அந்தப் பிள்ளையப் போட்டு வதைச்சுட்டோம்" என்றார். உள்ளே வரவில்லை. என்னை மாப்ள என்றும் கூப்பிடவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

இனி ஒன்றுதான் பாக்கி. நீ கோச்சடைக்குப் போன மூன்றாம் நாள், உன் அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் வெகுநேரம் ஆயிற்று. நான் அதை மறக்கவில்லை, ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. உன்னிடம் சொல்லச் சொல்லித்தான் சொன்னாள். பத்து வருஷமாக உனக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டிருந்தேன். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பிள்ளைய எதுக்கு அடிச்சீக? நீங்க படிச்ச கதைய உள்ள படுத்துக்கிட்டு நானும் கேட்டேன்ல. அவன் கேட்டதையும் கேட்டேன், நீங்க சொன்னதையும் கேட்டேன். அதுக்காகத்தேன் எப்பவும் மூணு தரம் கூப்பிட்டேன். அன்னைக்கி ஒரு தரத்துக்கு மேல மூச்சு வரல. அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவன் அங்கனயே உக்காந்து காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டேதான் இருந்திருப்பான், எனக்குத் தெரியும். எம் பிள்ள பயந்த பிள்ள இல்ல. சொன்ன பேச்சக் கேக்குற பிள்ள. இத அவங்கிட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன், சொக்கு.

உன் அப்பா